ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஓர் ஊறுகாய் ஜாடி

போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரோடு இன்ஸ்பெக்டர் பேசினார். வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஸ்டாக் ரிஜிஸ்டரைச் சரிபார்த்துக்கிட்டு இருக்கனுங்க. மண்வெட்டி, கடப்பாரை, கொடுவாள் எல்லாம் சரியா இருக்குது. கொடுவாளுக்குக் கீழ 'ஊறுகாய் ஜாடி, பீங்கான், ஒன்று'ன்னு உங்க கையெழுத்துல இருக்குதுங்களே. அது எதுக்குங்க?"

"ஷெட்ல இருக்குதா?"

"இருக்குதுங்க. மேல் பலகையில. காலியா இருக்குது."

"ஒடையலையே?"

"இல்லீங்க சார்."

"அப்ப ரிஜிஸ்டர் சரியாத்தான் இருக்குது" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். எனக்கு அப்படி ஒரு குசும்பு உண்டு. ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தப் பிள்ளையின் குழப்பம் நினைவுக்கு வந்து சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அதனால்தான் ரோட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஜாடியின் கதையைச் சொன்னால், கத்தி தீட்டுவதற்கு எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதும் கூடவே வந்துவிடும். நான் வாங்கக் கூடாததை வாங்கியவன் என்பதால் எனக்கு அதில் நல்ல தேர்ச்சி.

நம் கேங்கில் ரோட்டோரப் புதர் வெட்டுகிற கொடுவாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முனை உள்பக்கமாக வளைந்திருக்கும். பட்டறையில் அடித்துத் தரும்போதே ஒரு பக்கம்தான் சரிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். மறுபக்கம் தட்டையாக இருக்கும். என் காலத்தில் ஷெட் வாசலில் ஒரு பழைய சாணைக்கல் துண்டு கிடந்தது. உடைந்த சாணைச் சக்கரத்தின் கால்வாசி அது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஆளாளுக்கு அதில் குந்தி உட்கார்ந்து நாலு தேய்ப்பு தேய்ப்பார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். சுற்றிலும் கறுப்புத் தண்ணீர் வேறு. எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். ஆறு பேர் வரிசையில் நின்று ஒரு கல்லுக்குக் காத்திருப்பதா என்று கத்துவேன்.

ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கையடக்கமான பிளாஸ்டிக் பிடி. நடுவில் ஒரு பிளவு. அதில் கத்தியை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் காகிதம் சீவுகிறது. காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் பயன்படுத்துவதாம். விலை ஒரு டீயும் பன்னும் சாப்பிடுகிற அளவுதான். ஆறு வரவழைத்தேன். ஆரஞ்சு நிறத்தில், பார்க்க மிட்டாய் மாதிரி இருந்தன. ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன்.

கேங்கில் மூத்தவர் சின்னராஜ். அதிகம் பேச மாட்டார். அந்தச் சாமானை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், இது ரெண்டு பக்கமும் சொரண்டுது. நம்ம கொடுவாளுக்கு ஒரு பக்கந்தானுங்க சாணை."

"சின்னராஜண்ணே, உங்களுக்குப் புதுசா எது வந்தாலும் ஆகாது."

"அதுக்கில்லீங்க. வளைஞ்ச எடத்துல இது உக்காராது பாருங்க."

"இழுத்துப் பாருங்க, உக்காரும்."

அவர் அதற்குமேல் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? பழைய கல் அங்கேயே கிடந்தால் இவர்கள் திரும்பவும் அதில்தான் போய் உட்காருவார்கள் என்று, அதைத் தூக்கித் தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். டிரம் நிறையத் தண்ணீர். இனி யார் எடுப்பார்கள்!

பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் தெரியவில்லை. சர் சர்ரென்று இழுத்தார்கள், புல்லும் கொடியும் வெட்டினார்கள். பிளவுக்குள் இருக்கிற கெட்டி உலோகத் துண்டுகள் இரும்பைத் தீட்டவில்லை, பிய்த்துக்கொண்டிருந்தன என்பது எனக்குப் புரியவில்லை. தட்டையாக இருக்க வேண்டிய பக்கத்தையும் சேர்த்துச் சுரண்டி, வாயெல்லாம் பொடிப் பல்லாக ஆக்கியிருந்தன. புல்லுக்கு அது தெரியாது. மூங்கிலுக்குத் தெரியும்.

ஆனி மாதக் கடைசி. முந்தின நாள் சாயங்காலம் காற்றோடு மழை. காலை ஆறு மணிக்கு முன்னால் போன் வந்துவிட்டது. சித்தேரி மலை ரோட்டில் ஒரு வளைவில் முள்ளு மூங்கில் புதர் ஒன்று வேரோடு சரிந்து ரோட்டை அடைத்துவிட்டது. மேலே ஒரு கல்யாண பஸ் நிற்கிறது. மரம் அறுக்கிற மிஷின் கடத்தூர்ப் பக்கம் விழுந்த புளியமரத்துக்குப் போயிருந்தது. கேங்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் மூங்கிலும் முள்ளும் பின்னிக்கொண்டு ஒரு சுவர். நாங்கள் கீழ்ப்பக்கம். பஸ் மேல்பக்கம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். அந்தக் குரல்களிலிருந்து விஷயம் புரிந்தது. பெண் வீட்டார் சித்தேரியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி மண்டபத்துக்குப் போகிறார்கள். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்ததால் இந்தக் கல்யாணம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருக்கிறது. இன்றைக்கும் தவறினால் ஆடி பிறந்துவிடும். அப்புறம் யார் எந்தத் தேதியைக் கொடுப்பார்கள்? மாப்பிள்ளையின் மாமா கீழேயிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போன் போட்டு, "இது சகுனமா, என்னன்னு கேக்கறாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"சார், எப்படியாச்சும் வழி பண்ணிக் குடுங்க சார்!" என்று ஒரு பெண் அழுதுகொண்டே கத்தினார். கல்யாணப் பெண்ணின் அம்மா.

"அரை மணி நேரத்துல தொறந்துடுறோம்மா, பயப்படாதீங்க!" என்று நானும் கத்தினேன். அரை மணி நேரம் என்று யார் என்னைச் சொல்லச் சொன்னார்கள்?

ஆறு பேரும் வெட்ட ஆரம்பித்தார்கள். அரை மணியில் ஆறு கழி வெட்டியிருந்தால் அதிகம். கொடுவாள் மூங்கிலில் இறங்கவே இல்லை. டப் டப்பென்று பட்டு எகிறியது. வெட்டுகிறவர்கள் கோபத்தில் இன்னும் பலமாக ஓங்கினார்கள். கேங்கில் ஒருவரான பச்சியம்மாள் ஓங்கியது மூங்கில் கணுவில் பட்டு வழுக்கி, அவரது காலுக்கு ஒரு விரற்கடை தள்ளித் தார் ரோட்டில் போய் மோதியது. நெருப்புப் பொறி பறந்தது. அவர் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவர் கையிலிருந்து கொடுவாளை வாங்கி வாயில் விரலை வைத்துப் பார்த்தேன். பல் பல்லாக நெருடியது.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அப்போது மணி ஏழே முக்கால். மேலே ஒரு கல்யாணம் காத்திருக்கிறது. வெட்டுகிற சத்தம் ஒன்றுதான் அவர்களுக்குத் தைரியம். சத்தத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இப்படியே விட்டால் யாராவது ஒருவர் கால் போகும் என்பதும் தெரியும். என் சர்வீஸில் நான் கொடுத்த கஷ்டமான உத்தரவு எது என்று கேட்டால், அன்று சொன்ன ஒரு வார்த்தைதான்.

"நிறுத்துங்க."

எல்லோரும் நிறுத்தினார்கள். பிறகு மூங்கிலுக்கு அந்தப்பக்கம் கூச்சல் வெடித்தது.

"ஏன் சத்தம் நின்னு போச்சு?"

"டேய், டீ குடிக்கப் போயிட்டாங்கடா!"

"கவர்மெண்டு வேலைன்னா இப்படித்தான்!"

"கத்தி மொன்னையாயிடுச்சுங்க, தீட்டிட்டு வெட்டுறோம்!" என்று நான் கத்தினேன். ரோட்டு வேலைக்காரன் கல்யாணக் கூட்டத்திடம் கத்தி மொன்னை என்று சொல்வதைப் போன்ற அவமானம் வேறு இல்லை. உங்களில் யாரிடமாவது கொடுவாள் இருக்கிறதா என்றும் கேட்டேன்.

"கல்யாணத்துக்கு யாருங்க கொடுவா எடுத்துட்டு வருவாங்க?" என்றது ஒரு பெண்குரல். இளம் குரல், துளியும் பதற்றம் இல்லை. "உங்ககிட்ட கல்லு இல்லீங்களா?"

"இல்லம்மா."

"ரோடு வெட்ட வர்றவங்க கல்லு இல்லாமயா வருவாங்க?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "நீ போய் பஸ்ல உக்காரும்மா. பெரியவங்க பேசிக்கிறோம்."

"உக்காந்து உக்காந்து முதுகு வலிக்குதுங்க. கத்தி எப்படி, உள்ள வளைஞ்சதா?"

"ஆமா."

"எதுலீங்க தீட்டுனீங்க இத்தன நாளா?"

சின்னராஜ் சொன்னார்: "ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக்குல, கண்ணு." எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அந்தப் பக்கமும் யாரோ சிரித்தார்கள். அத்தனை நெருக்கடியிலும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப பல்லு விழுந்திருக்கும்" என்றது அந்தக் குரல். "மொதல்ல எதாச்சும் சொரசொரப்பான கல்லுல தேச்சு அந்தப் பல்லை எடுங்க. சரிவா இருக்கிற பக்கம் மட்டும். அப்பறம் நைஸா தீட்டுறதுக்கு நான் ஒண்ணு தர்றன்."

சின்னராஜ் ஏற்கெனவே பக்கத்தில் இருந்த சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சு போன இடத்தில் காங்கிரீட் மணல் மணலாகத் தெரிந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார்கள். நம் துறை கட்டிய பாலம் இப்படியும் பயன்படும் என்று எந்த என்ஜினியரும் எண்ணியிருக்க மாட்டார்.

அந்தப் பக்கம் ஒரு சண்டை தொடங்கியிருந்தது.

"வேணாண்டி! சீர் சாமானு! முகூர்த்தத்துக்கு முன்னாடி அத எடுக்காத!"

"முகூர்த்தமே இல்லன்னா சீர எங்கம்மா வெக்கிறது?"

"ஒடைஞ்சிட்டா?"

"ஒடையாது. துண்டக் குடு."

கொஞ்ச நேரத்தில் மூங்கில் சுவருக்கு மேலே ஒரு நீளக் கழியின் நுனி எட்டிப் பார்த்தது. நுனியில் ஒரு துண்டு. துண்டுக்குள் உருண்டையாக என்னவோ. கழி வளைந்து ஆடியது. அந்தப்பக்கம் அம்மா சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பச்சியம்மாள் போய் அடியில் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். கழி சாய, முடிச்சு நழுவ, அந்தச் சாமான் தொப்பென்று அவர் முந்தானையில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினோம். பிரித்துப் பார்த்தால் பழுப்பும் வெள்ளையுமாகப் புத்தம் புது ஊறுகாய் ஜாடி.

"அதக் கவுத்து வைங்க!" என்றது குரல். "அடியில வழவழப்பு இல்லாம ஒரு வளையம் இருக்குமுங்க. அதுல தீட்டுங்க. எங்க வூட்ல பலாப்பழம் வெட்டுற கத்தியெல்லாம் டீ கப்பு அடியிலதான் தீட்டுவோம். இது பெருசு, நல்லா வரும்."

கவிழ்த்தேன். பளபளப்புப் பூச்சு படாத ஒரு வளையம், விரல் அகலத்துக்கு, வெள்ளையாக இருந்தது. நகத்தால் தேய்த்தால் நகம் தேய்ந்தது. அது உருண்டையாக இருந்ததால் கொடுவாளின் வளைவுக்குள் அழகாகப் போய் உட்கார்ந்தது. தட்டையான கல்லுக்குப் போகாத இடம் அது. சின்னராஜ் பத்துத் தேய்ப்பு தேய்த்துவிட்டு, கை ரோமத்தைச் சிரைத்துக் காட்டினார்.

நிறுத்தியதிலிருந்து தீட்டி முடிக்க இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் கடிகாரத்தைப் பார்த்த பார்வையில் அது உருகியிருக்க வேண்டும். பிறகு வெட்ட ஆரம்பித்தார்கள் பாருங்கள், அந்தச் சத்தமே வேறு. டப் என்று எகிறாமல் சளக் சளக்கென்று இறங்கியது. ஒரு கழிக்கு இரண்டு வெட்டு. ஒருவர் வெட்ட, ஒருவர் முள்ளைப் பள்ளத்தில் தள்ள, மேல்பக்கத்து ஆண்களும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கிருந்து இழுத்தார்கள். மொன்னை வாளில் அரை மணி நேரம் அல்லாடியதைத் தீட்டிய வாள் பத்து நிமிடத்தில் தாண்டியது. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு முதல் சந்து திறந்தது.

அந்தச் சந்தில் முதலில் நான்தான் தலையை நீட்டினேன். வாயாடிப் பெண் யார் என்று பார்த்துவிட வேண்டும் எனக்கு. எதிரே நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ, அரக்குப் பட்டுப் புடவையின் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் அந்த நீளக் கழியை ஊன்றிக்கொண்டு நின்றது கல்யாணப் பெண்.

"ஜாடி பத்திரமுங்களா?" என்றாள்.

அந்தக் குரல்தான். பெரியவங்க பேசிக்கிறோம், நீ போய் உக்காரு என்று நான் அதட்டிய குரல். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் அவள் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் காயாமலே சிரித்தார்.

சந்தை பஸ் போகிற அளவுக்கு வெட்டி அகலப்படுத்தினோம்; பஸ் புறப்படும்போது ஜாடியைத் துடைத்துக் கொடுத்தோம். அடிவளையத்தில் இரும்புச் சாந்து கருஞ்சாம்பலாகப் படிந்திருந்தது. "போவாதுங்க அது" என்று சொல்லி அவளே மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்களும் வரோணும்" என்று அவள் கட்டளையிட்டிருந்ததால் கேங்க் மொத்தமும் வேலை உடுப்போடு பின்னாலேயே போனோம். கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போவதா? பாப்பிரெட்டிப்பட்டியில் ஓர் இரும்புக்கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கடைக்காரர் முதலில் நீட்டியது என்ன தெரியுமா? அதே ஆரஞ்சு நிறச் சாமான். ஆறு பேரும் ஒரே குரலில் "வேணாங்க!" என்றார்கள். அவர் பயந்துவிட்டார்.

சின்னராஜையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அன்று அவர் பார்த்த பொருத்தத்தைத்தான் நான் இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். இரண்டு பக்கக் கல்: ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம் இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் யாரும் தூக்கிப் போக மாட்டார்கள், ஷெட்டிலேயே கிடக்கும். சட்டைப்பையில் போகிற கல்தான் காட்டில் கூட இருக்கும். நகத்தால் உரசிப் பார்த்தால் நைஸ் பக்கம் நகத்தைப் பிடிக்க வேண்டும், வழுக்கினால் அது வெறும் ஓடு. வளைவுக்கு ஓர் அரை வட்ட அரம். எண்ணெய் வேண்டாம், தண்ணீர் போதும். எல்லாம் சேர்ந்து நான் வாங்கிய வேடிக்கைச் சாமானைவிடக் கொஞ்சம்தான் கூட. மலிவு என்று நான் பார்த்தது விலையை; அவர் பார்த்தது எத்தனை வருஷம் வரும் என்பதை.

கேங்குக்கு ஆறு கல். ஏழாவதைப் பரிசுத் தாளில் சுற்றச் சொன்னேன். கடைக்காரர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுச் சுற்றினார்.

மண்டபத்துக்குள் நுழையும்போது கெட்டிமேளம். அட்சதை எங்கள் தலையிலும் விழுந்தது. நானாவது பரவாயில்லை, பச்சியம்மாள் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "கால் இருக்குதில்லீங்க, அந்தச் சந்தோசம்" என்றார். வாழ்க்கையில் நான் வாங்கிய எந்தப் பாராட்டும் அந்தப் பதிலுக்கு ஈடாகாது.

மொய் வாங்குகிற இடத்தில் மைக் வைத்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது மைக் பிடித்தவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறி, "ரோட்டு வேலைக்காரங்க சார்பா... கத்தி தீட்டுற கல்லு ஒண்ணு" என்று அறிவித்தார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. மணமேடையில் இருந்த பெண் அந்தக் கல்லைக் கொண்டுவரச் சொல்லி, இருபக்கமும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள். நல்ல கல் என்று அர்த்தம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திரும்பிப் போனதும் நான் செய்த முதல் வேலை, டிரம் தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்தப் பழைய சாணைக்கல்லை வெளியே எடுத்தது. சின்னராஜ் பார்த்துக்கொண்டே நின்றார். "மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றேன். "அட விடுங்க சார், டிரம்மு சாயாம இருந்துச்சில்ல" என்றார். அந்த மனிதர் அப்படித்தான்.

அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறுகிற மாதத்தில் சித்தேரி பஸ்ஸின் கண்டக்டர் ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால் அதே ஜாடி. கழுத்து வரை மாங்காய் ஊறுகாய். சாயங்காலம் போன் வந்தது.

"மொதல் ஊறுகாயுங்க சார். எங்க மாமியாவே போட்டது. ஜாடியத் திருப்பி அனுப்பிடாதீங்க. அது வூட்ல இருக்கிறத விட உங்ககிட்ட இருக்கோணும். எனக்குத்தான் கல்லு இருக்குதே."

ஊறுகாய் ஒரே வாரத்தில் தீர்ந்தது. பச்சியம்மாள் ஜாடியைக் கழுவி வெயிலில் காயவைத்தார். கடைசி நாளன்று சாமான்களை ஒப்படைக்கும்போது, கொடுவாளுக்குக் கீழே அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தம்பி, நீங்கள் போனில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கருஞ்சாம்பல் வளையம் இன்னும் இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டாம். ரிஜிஸ்டரில் 'உபயோகம்' என்ற கட்டத்தை அன்று காலியாக விட்டுவிட்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது. உங்கள் கையெழுத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்: 'வேலையை நிறுத்துவதற்கு.'

மற்ற நாட்களில் அதில் ஊறுகாய் போட்டு வைத்தாலும் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. போட்டால் எனக்கும் கொஞ்சம் அனுப்புங்கள்.